ஸ்மித் வீட்டுப் பொன்னுருக்கு

தை மாதத்தில் கனடாவுக்குப் போகிறேன் என்றதும் திருச்சியில் என்னைத் தெரிந்தவர்கள் அத்தனை பேரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: “உனக்கென்ன கிறுக்கா?” என் கணவர் மட்டும் கேட்கவில்லை. மார்கழிப் பனிக்கே மஃப்ளர் கட்டுகிற மனிதர். “நீ போய்ட்டு வா, நான் வீட்டைப் பார்த்துக்கறேன்” என்று அப்போதே கழன்றுகொண்டார். கல்யாணத்தைத் தையில் வைத்தால் தையில்தானே போக முடியும்? மணப்பெண் ஆரணி, என் சிநேகிதி வாசுகியின் ஒரே மகள்.

வாசுகி யாழ்ப்பாணத்துக்காரி. சண்டைக் காலத்தில் குடும்பத்தோடு திருச்சிக்கு வந்து, எங்கள் வீட்டுக்கு எதிர்மாடியில் வாடகைக்கு இருந்தாள். கல்லூரியில் எனக்கும் அவளுக்கும் ஒரே பெஞ்சு. பிறகு அவள் டொராண்டோ போனாள். நான் அதே கல்லூரியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போனேன். போனில் வாரம் தவறாமல் சண்டை போட்டுக்கொள்வோம். அவள் மகள் கல்யாணத்துக்குப் போகாமல் வேறு எதற்குப் போவது?

விமான நிலையத்துக்கு வாசுகியின் கணவர் குகநேசன் வந்திருந்தார். கையில் எனக்கென்று ஒரு ஜாக்கெட். “மீனா, வெளியாலை போக முதல் இதைப் போடுங்கோ” என்றார். எனக்கு எதற்கு, நான் சால்வை கொண்டுவந்திருக்கிறேன் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டு வெளியே காலை வைத்தேன். மூக்குக்குள் இருக்கும் முடி விறைத்துக்கொண்டது. மூக்குக்குள் முடி இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். மறுபேச்சில்லாமல் ஜாக்கெட்டை வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

ஸ்கார்பரோ வீட்டில் கதவைத் திறந்தவர் குகநேசனின் அக்கா திலகமணி. எழுபதைத் தாண்டியவர், சின்ன உருவம், பெரிய குரல். அந்தக் குடும்பத்தில் முதன்முதலில் கனடாவுக்கு வந்தவர் அவர்தான். தம்பியைக் கூப்பிட்டுக்கொண்டதும் அவர். தம்பியும் தம்பி மனைவியும் ஆளுக்கொரு ஷிப்டில் வேலை செய்த காலத்தில் ஆரணிக்குச் சோறு ஊட்டியதும், பள்ளிக்கூட பஸ்ஸுக்காகப் பனியில் கூட நின்றதும் அவர். அத்தையை அவர்கள் மாமி என்பார்கள்; ஆரணிக்கு அம்மாவைவிட மாமி ஒரு படி மேல். வாசுகியே சொல்வாள், பொறாமை இல்லாமல்.

“வாங்கோ டீச்சர். கையைக் கழுவிப்போட்டு முதல் சாப்பிடுங்கோ, பேந்து கதைப்பம்” என்றார் மாமி.

இடியப்பம், சொதி, கத்தரிக்காய்ப் பால்கறி. எங்கள் ஊர் ஓட்டலில் இடியாப்பத்துக்குத் தேங்காய்ப்பாலில் சர்க்கரையைக் கொட்டிக் குழந்தைக்குப் போல் கொடுப்பார்கள். யாழ்ப்பாணத்தார் அப்படி விளையாட மாட்டார்கள். சொதி வாயில் பட்டதும் பயணக் களைப்பு எங்கே போனதோ தெரியவில்லை. மறுநாள் நான் என் பங்குக்கு மிளகு ரசம் வைத்தேன். மாமி ரசத்தைச் சோற்றில் ஊற்றவில்லை. டம்ளரில் ஊற்றி இரண்டு முறை வாங்கிக் குடித்தார். “உது மருந்து, டீச்சர்” என்று சான்றிதழும் கொடுத்தார். எனக்கும் அவருக்கும் ஒத்துப்போய்விட்டது.

மாப்பிள்ளை பெயர் டானியல் ஸ்மித். ஒஷாவாக்காரன், ஆரணியோடு ஒரே ஆஸ்பத்திரியில் வேலை. அழைப்பிதழில் அந்தப் பெயரைப் பார்த்ததிலிருந்தே எனக்கு ஒரு குறுகுறுப்பு. ஆங்கிலம் பேசுகிற நாடுகளில் இதைவிட மலிந்த குடும்பப் பெயர் கிடையாது என்று வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். இங்கே எங்கே திரும்பினாலும் ஸ்மித்தாகத்தான் இருக்கும், எண்ணிப் பார்த்துவிடலாம் என்று பஸ் ஏறிக் கிளம்பினேன்.

ஒரு ஸ்மித்தும் அகப்படவில்லை. பஸ் நிறுத்தத்து பெஞ்சுகளில் வீடு விற்பவர்களின் சிரித்த முகங்கள்: எல்லாம் செல்வராசா, சிவகுமார். வக்கீல் பலகையில் சிங். மருந்துக்கடையில் வாங். உலகமெல்லாம் கொட்டிக்கிடக்கிற பெயருக்கு ஸ்கார்பரோவில் இவ்வளவு பஞ்சமா என்று வேடிக்கை பார்த்துக்கொண்டே போனதில், நான் ஏறியது எதிர்த்திசை பஸ் என்று கடைசி நிறுத்தத்தில்தான் புரிந்தது. டிரைவர் என்னை இறக்கிவிடவில்லை. “வெளியே நின்றால் உறைந்துபோவீர்கள் அம்மா, உட்காருங்கள், திரும்ப அங்கேதான் போகிறேன்” என்றார். எங்கள் ஊர் கண்டக்டராக இருந்தால் மானத்தை வாங்கிவிட்டு இன்னொரு டிக்கெட்டும் கிழித்திருப்பார்.

அடுத்த நாள் மாமியோடு பல் டாக்டரிடம் போனேன். கல்யாணத்துக்கு முன்னால் பல் செட்டைச் சரிபார்க்க வேண்டுமாம். வாசலில் ‘டாக்டர் கோவாச்’ என்ற பலகையைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஹங்கேரிய மொழியில் கோவாச் என்றால் கொல்லர். அதே கட்டடத்தில் கீழே பேக்கரி: ஃபெராரோ. அதுவும் இத்தாலியில் இரும்பு வேலைக்காரரின் பெயர். பக்கத்துக் கடையில் ஷவர்மா சுற்றுகிறவர் ஹத்தாத், அரபியில் கொல்லர். ஸ்மித் என்ற எழுத்தைத்தான் காணவில்லையே தவிர, ஆள் எல்லா மொழியிலும் வந்து இறங்கியிருந்தார். நான் தேடிய இடம்தான் தப்பு. அன்றைக்கு அந்தக் கடைத்தெருவில் நான் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும். சொந்தக்காரர் வீட்டுத் தெருவில் நடப்பதுபோல் நடந்தேன்.

அந்தத் தெம்பில்தான் அன்று மாலை வம்பை விலைக்கு வாங்கினேன்.

எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். மாமி கேட்டார்: “டீச்சர், நீங்கள் இங்கிலீஷ் படிப்பிக்கிறனீங்கள்தானே. உந்த ஸ்மித் எண்டால் என்ன கருத்து?”

என்னிடம் இப்படி ஒரு கேள்வியைக் கேட்கலாமா? இடியப்பத்தை ஒதுக்கி வைத்துவிட்டு வகுப்பை ஆரம்பித்தேன். ஒரு கிராமத்தில் நாலு ஜான் இருந்தால் என்ன செய்வார்கள்? மேட்டுவீட்டு ஜான், வில்லியம் மகன் ஜான், மாவு அரைக்கிற ஜான், உலை வைத்திருக்கிற ஜான். அந்தக் கடைசி ஜான்தான் ஸ்மித். பழைய ஆங்கிலத்தில் இரும்பு மட்டும் இல்லை, மரமோ பொன்னோ, கையால் செய்கிற எவரும் ஸ்மித்தான். பிறகுதான் உலோக வேலைக்கென்று ஆனது. கலப்பைக்கும் லாடத்துக்கும் ஊருக்கு ஒருவராவது வேண்டும், அதனால் ஊருக்கு ஊர் ஸ்மித். மகன் வேறு வேலைக்குப் போன பிறகும் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. இன்றைக்கு ஸ்மித் என்றால் வக்கீலும் உண்டு, பாதிரியும் உண்டு, எவரும் தாத்தாவின் உலையைத் தேடிப்போவதில்லை.

மாமியின் கரண்டி சொதிச் சட்டிக்கு மேலேயே நின்றது. “அப்ப… ஆசாரிமாரோ?” என்றார்.

“அதேதான் அக்கா!” என்றேன், சரியான விடை சொன்ன மாணவியைப் பாராட்டுகிற குரலில்.

வாசுகியின் கால் மேசைக்கடியில் என் காலை மிதித்தது. மிதித்த மிதியில்தான் எனக்கு உறைத்தது.

யாழ்ப்பாணத்தில் ஒரு சம்பந்தம் பேசும்போது முதலில் கேட்பது ‘எவடம், என்ன ஆக்கள்?’ என்பது. எந்த ஊர், என்ன சாதி என்பதை அவ்வளவு நாசூக்காகக் கேட்பார்கள். எங்கள் பக்கம் மட்டும் என்ன வாழ்கிறது, அதே கேள்வியை வேறு வார்த்தையில் கேட்போம். ஆரணி வெள்ளைக்காரப் பையனைக் கூட்டிவந்தபோது மாமிக்கு அந்தக் கேள்வியைக் கேட்க வழியில்லாமல் போயிற்று. வெள்ளைக்காரரை எந்தப் பெட்டியில் போடுவது? ‘வெள்ளைக்காரர், நல்ல குடும்பம்’ என்று சொந்தக்காரர்களிடம் சொல்லி முடித்திருந்தார். இப்போது நான் போய், அந்தப் பையனுக்கென்று ஒரு பெட்டியைச் செய்து கொடுத்துவிட்டேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், நானே ஆசாரி வீட்டுப் பெண். என் அப்பா திருச்சியில் பொன் வேலை செய்த தட்டார். வாசுகிக்குத் தெரியும். எங்கள் பட்டறையைத் தாண்டித்தான் அவள் தினமும் என் அறைக்கு வருவாள். மாமிக்குத் தெரியாது. என்னிடம் அவர் கேட்டதில்லை. படித்த டீச்சர், வாசுகியின் சிநேகிதி என்பதோடு சரி.

காலையில் மாமி தானே போனைப் போட்டு மில்லிக்கன் பக்கத்தில் இருக்கும் நாத்தனார் முறை மச்சாளிடம் இதைச் சொல்லியிருக்கிறார், மனது ஆறட்டும் என்று. அந்த மச்சாள் ஆற்றவில்லை. “போயும் போயும் வெள்ளைக்காரரிலையும் கொல்லனையோ தேடிப் பிடிச்சனீங்கள்?” என்று சிரித்திருக்கிறாள். மத்தியானத்துக்குள் அது வாட்ஸாப்பில் பாதிக் குடும்பத்துக்குப் போய்விட்டது.

“நான் பொன்னுருக்குக்கு வரேல்லை” என்றார் மாமி. “நீங்கள் செய்யிறதைச் செய்யுங்கோ.”

பொன்னுருக்கு என்றால் என்ன என்று தமிழ்நாட்டு வாசகர்களுக்குச் சொல்லவேண்டும். அவர்கள் வழக்கத்தில் தாலியைக் கடையில் போய்ச் சும்மா வாங்கிவிட மாட்டார்கள். நல்ல நாள் பார்த்து, மாப்பிள்ளை வீட்டில், எல்லோர் கண் முன்னாலும் ஆசாரி ஒரு பொற்காசை உருக்க வேண்டும். அந்தப் பொன்னில்தான் தாலி. உருகிய பொன்னைத் தட்டத்தில் வைத்துத் தர, பெண் வீட்டில் மூத்தவர் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். இந்த வீட்டில் மூத்தவர் மாமி. ஆசாரி இல்லாமல் தாலியே கிடையாது. ஆனால் ஆசாரி வீட்டுக்குப் பெண் கொடுக்கக் கூடாதாம். இந்த நியாயத்தை எந்த ஊர் கோர்ட்டில் போய்ச் சொல்வது?

ஆரணி அழவில்லை. அவள் அப்படிப்பட்ட பெண் இல்லை. “மாமி வராட்டி எனக்குத் தாலியும் வேண்டாம், கலியாண ஹோலும் வேண்டாம். ரெண்டு பேரும் சிட்டி ஹோலிலை சைன் பண்ணிட்டு வாறம். ஐ ஆம் நொட் ஜோக்கிங்” என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள். வாசுகிதான் பாத்திரம் கழுவுகிற இடத்தில் நின்று அழுதாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. நேரே மாமியிடம் போனேன்.

“அக்கா, உங்க பல்லைக் கட்டினது யாரு?”

“டொக்டர் கோவாச். ஏன்?”

“கோவாச்னாலும் கொல்லர்தான். நேத்து ரொட்டி வாங்கினோமே ஃபெராரோ கடை, அவங்களும் அதே. ஷவர்மாக்காரரும் அதே. வாய்க்குள்ள கையை விட்டப்ப கேட்டீங்களா, என்ன ஆளுங்கன்னு?”

“கடையிலை வாங்கிறதும் கலியாணம் செய்யிறதும் ஒண்டோ, டீச்சர்? சும்மா விசர்க்கதை கதையாதேங்கோ.”

“அந்தப் பையனோட அப்பா கார் கம்பெனியில வேலை பார்த்தவரு. உலையைக் கண்ணால பார்த்திருப்பாரோ என்னவோ!”

“பேரிலை இருக்கே. பேரைக் கேட்டாச் சனம் சிரிக்குதே” என்றார். குரல் உடைந்தது. “உவள் மச்சாள் சிரிச்ச சிரிப்பு உங்களுக்குக் கேக்கேல்லை. எனக்குக் கேட்டது.”

அப்போது சொல்லியிருப்பேன், நான் யார் என்று. நாக்கு நுனி வரை வந்தது. வாசுகி என்னைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். “எடி மீனா, உன்னைக் கும்பிட்டன், இப்ப ஒண்டும் சொல்லாதை. நீ சொன்னியெண்டால் அவ இன்னும் இறுகிப் போவா. உன்னோடையும் கதைக்கமாட்டா, பொன்னுருக்குக்கும் வரமாட்டா. கலியாணம் முடியட்டும், நானே சொல்லுறன்.” அவளுக்காக வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த கடினமான காரியங்களில் அது ஒன்று. அன்றைக்கும் மாமி பக்கத்தில் உட்கார்ந்துதான் சாப்பிட்டேன்.

கடைசியில் மாமியை அசைத்தது குகநேசன். “அக்கா, நீ வந்து சும்மா இரு. ஒண்டையும் தொடவேண்டாம். நீ இல்லாமல் நான் அந்த வீட்டுப் படி ஏறமாட்டன்” என்றார். வளர்த்த தம்பி கேட்டால் மறுக்க முடியுமா? வருவேன், ஆனால் எதையும் தொட மாட்டேன், பொன்னையும் வாங்க மாட்டேன் என்ற நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார். பொன்னை வாங்காமல் பொன்னுருக்கு முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பினோம்.

பொன்னுருக்கு நாளன்று பார்த்துப் பனிப்புயல். 401 நெடுஞ்சாலையில் வண்டிகள் ஊர்ந்தன. ஒரு பெரிய லாரி குறுக்கே திரும்பி, பள்ளத்தில் மூக்கைக் குத்தி நின்றது. எங்கள் வேனில் பின்னால் வடைச் சட்டி, பயற்றம் பணியாரம், நிறைகுடம், வாழைப்பழச் சீப்பு. நடுவில் மாமி, யாரோடும் பேசாமல். வாசுகி எல்லாக் கடவுளையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே வந்தாள்.

ஒஷாவா வீட்டில் டானியலின் அப்பா ரான் ஸ்மித் வாசலில் பனியை வாரிக்கொண்டிருந்தார். பெரிய கைகள், சின்னச் சிரிப்பு. அவர் மனைவி கரோல், யார் யாரை எப்படிக் கும்பிட வேண்டும் என்று மகனிடம் கேட்டு வைத்திருந்தார்; நாய்க்குட்டி உட்பட எல்லோரையும் பார்த்துக் கையெடுத்தார். சமையலறையில் பீன்ஸ் குழம்பும் வாழைப்பழக் கேக்கும் தயாராக இருந்தன, முட்டைகூடச் சேர்க்காமல். வீட்டுக்குள் நெருப்பு மூட்டினால் புகை அலாரம் கத்தும் என்பதால், காரை வெளியே விட்டுவிட்டு கராஜைக் கழுவித் துடைத்து வைத்திருந்தார்கள். மணப்பெண் பொன்னுருக்குக்கு வருவது வழக்கமில்லையாம், ஆரணி அதைக் கேட்கிறவளா? சிமெண்டுத் தரையில் அவளே கோலம் போட்டாள். மாமி கோட்டைக் கழற்றாமல், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, கூடத்து சோபாவின் நுனியில் உட்கார்ந்தார். தண்ணீர்கூட வேண்டாம் என்றுவிட்டார்.

பொன் உருக்குகிற பத்தர் மிசிசாகாவிலிருந்து வரவேண்டும். அவருக்குக் காத்திருந்தபோது ரானிடம் பேச்சுக் கொடுத்தேன். ஸ்மித் என்ற பெயரைப் பற்றித்தான், வேறென்ன?

“உண்மையைச் சொன்னால் நாங்கள் அசல் ஸ்மித்தே இல்லை” என்று சிரித்தார் ரான். “என் தாத்தா உக்ரைனிலிருந்து வந்தவர். கோவல்ச்சுக் என்று பெயர். அந்தப் பெயரைக் கேட்டதும் வேலை இல்லை என்று அனுப்பிவிடுவார்களாம். யாரோ சொல்லியிருக்கிறார்கள், உன் பெயருக்கு இங்கிலீஷில் ஸ்மித் என்றுதானே அர்த்தம், அப்படியே சொல்லிப் பார் என்று. சொன்னார். மறு வாரமே வேலை கிடைத்தது. பாட்டி மட்டும் சாகும்வரை அவரை ஸ்மித் என்று கூப்பிட்டுக் கேலி செய்வாராம்.”

என் அப்பா என்னைக் கல்லூரியில் சேர்த்தபோது, தன் பெயரோடு இருந்த ஆசாரியை விட்டுவிட்டு வெறும் எஸ் என்று மட்டும் எழுதினார். “உனக்கு இது எதுக்கும்மா, விடு” என்றார். ஒருத்தர் பிழைப்பதற்காக அந்தப் பெயருக்குள் போயிருக்கிறார். ஒருத்தர் மகள் பிழைப்பதற்காக அதை எடுத்திருக்கிறார். ரானிடம் இதைச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. சோபாவில் மாமி இருந்தார். சொல்லவில்லை.

அப்போதுதான் குகநேசனின் போன் அடித்தது. பத்தர். “அண்ணை, நான் இன்னும் டொன் வாலி ரோட்டையே தாண்டேல்லை. முன்னாலை அக்சிடன்ற். ரோட்டை மூடிப்போட்டாங்கள். இண்டைக்கு வாறது கஷ்டம்.”

ஐயர் குறித்துக் கொடுத்த நேரம் மதியத்தோடு முடிகிறது. அடுத்த நல்ல நேரம் கல்யாணத்துக்குப் பிறகுதான். வாசுகி கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “பொருத்தமில்லாத இடத்திலை பொன் உருகாது எண்டு சும்மாவோ சொன்னவை” என்று மாமி சோபாவிலிருந்து சொன்னார். அப்படி யாரும் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. அவர் அந்த நிமிஷத்தில் உண்டாக்கியதாகத்தான் இருக்கும்.

ஆரணியின் முகத்தைப் பார்த்தேன். காலையிலிருந்து விறைப்பாக இருந்த பெண் கீழுதட்டைக் கடித்துக்கொண்டு கோலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். போதும் என்று தோன்றியது. வாசுகிக்குக் கொடுத்த வாக்காவது ஒன்றாவது.

“காசு எங்கே?” என்றேன். கரோல் சிவப்புப் பெட்டியை நீட்டினார். “நான் உருக்கறேன்.”

“உங்களுக்கு எப்பிடித் தெரியும் டீச்சர்?” என்றார் மாமி.

“எங்க அப்பா தட்டார், அக்கா. நாங்க ஆசாரிங்க. அப்பா பக்கத்துல உட்கார்ந்து ஊதுகுழல் ஊதினவ நான்.”

குகநேசன் தலையைக் குனிந்துகொண்டார். வாசுகி கண்ணை மூடிக்கொண்டாள். முதலில் அசைந்தது ஆரணி. “ஓகே அன்ரி. உங்களுக்கு என்னென்ன வேணும்?”

வேண்டியதெல்லாம் அந்த கராஜிலேயே இருந்தது. கோடையில் இறைச்சி சுட வைத்திருந்த மரக்கரி மூட்டையிலிருந்து ஒரு நல்ல கட்டையைப் பொறுக்கி, ஸ்க்ரூடிரைவரால் நடுவில் குழி தோண்டினேன். பொன்னை இளக்குகிற வெங்காரம், இங்கிலீஷில் போராக்ஸ், வேண்டும் என்றேன், கரோல் துணி துவைக்கப் போடுகிற பெட்டியைக் கொண்டுவந்து, “இதுவா?” என்றார். அதேதான். தண்ணீர்க் குழாய்க்குப் பற்றவைக்கிற கேஸ் டார்ச்சை ரான் எடுத்தார். “நான் பிடிக்கிறேன். எங்கே காட்ட வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்” என்றார்.

விளக்கேற்றினார்கள். வாசுகி தேவாரம் பாடினாள். கரிக்குழியில் காசை வைத்து வெங்காரத்தைத் தூவினேன். ரானின் கை ஒரு நூல்கூட அசையவில்லை. “கொஞ்சம் பின்னால். இப்போது ஓரத்தில். இப்போது நடுவில்” என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். பல வருஷமாகத் தொடாத வேலை, மற்றவர் வீட்டுப் பொன், ஊரே பார்க்கிறது. காசில் இருந்த உருவம் முதலில் வியர்த்தது, பிறகு ஓரம் தொய்ந்தது, சட்டென்று எல்லாம் சுருண்டு ஒரே முத்தாகத் திரண்டு கரிக்குள் சுழன்றது. டானியல் தன்னை மறந்து ஆங்கிலத்தில் என்னவோ கத்தினான். “எடுங்கள்!” என்றேன். ரான் தீயை விலக்கினார். முத்து இறுகியதும் தண்ணீரில் போட்டேன். சுர்ரென்று சத்தம் வந்தது. எடுத்துப் பூவும் மஞ்சளும் வைத்த தட்டத்தில் வைத்தேன்.

தட்டத்தை ஏந்திக்கொண்டு திரும்பினால், சமையலறையிலிருந்து கராஜுக்கு இறங்குகிற படியில் மாமி நின்றார். எப்போது எழுந்து வந்தார் என்று தெரியவில்லை.

“வாங்கிக்குங்க அக்கா” என்றேன். வாங்காவிட்டால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது.

“டீச்சர், அண்டைக்கு நான் கதைச்சதெல்லாம் உங்களுக்கு முன்னாலைதானே கதைச்சனான்” என்றார் மாமி.

“ஆமாக்கா.”

“பக்கத்திலை இருந்து சாப்பிட்டுக்கொண்டு கேட்டனீங்கள். ஏன் பேசாமல் இருந்தனீங்கள்?”

“வாசுகிக்காக. இந்தப் பொண்ணுக்காக. எனக்கு ரொம்ப வலிச்சுதுக்கா.”

மாமி என் முகத்தைப் பார்க்கவில்லை. தட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கைப்பையைப் படியில் வைத்துவிட்டு, காலுறையோடு அந்தச் சில்லிட்ட சிமெண்டில் இறங்கி வந்தார். இரண்டு கையாலும் தட்டத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றினார். ஒற்றிய முகத்தை எடுக்க நேரமாயிற்று. ஆரணி ஓடிவந்து அவர் தோளில் முகத்தைப் புதைத்தாள். அதுவரை அழாத பெண், அப்போது சத்தம் போட்டு அழுதாள்.

“ஆசாரியாருக்கு வெத்திலைத் தட்டம் குடுக்கவேணும்” என்றார் மாமி. “எங்கை அது? கொண்டாங்கோ.” வாசுகி கொண்டுவந்தாள். மாமி அதை என்னிடம் தரும்போது நன்றாகக் குனிந்தார், வழக்கத்துக்குக் குனிவதைவிட அதிகமாகவே. என் அப்பா எத்தனையோ வீட்டுத் தாலிக்குப் பொன் உருக்கியவர். அந்த வீடுகளில் அவருக்குத் தனி டம்ளர். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது, வெட்கப்படாமல் அழுதேன். மாமி என் கையை விடாமல் ரானின் பக்கம் திரும்பினார். “உவரும்தானே நெருப்புப் பிடிச்சவர். சம்பந்தி, நீங்களும் வாங்கோ” என்றார். டானியல் மொழிபெயர்க்கும் முன்பே ரான் வந்து நின்றார்.

“ஆரணி, ஒரு படம் எடு” என்றார் மாமி, எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டு. “மில்லிக்கன் மச்சாளுக்கு அனுப்பு. எல்லாருக்குமே அனுப்பு. பொன் உருக்கினவை ஆர் எண்டு பேரும் போடு. ரொன் ஸ்மித்… டீச்சர், உங்கடை முழுப்பேர் என்ன?”

“மீனாட்சி.”

“அது தெரியும். தேப்பன்ரை பேரோடை சொல்லுங்கோ.”

அந்த முழுப்பெயர் என் சான்றிதழ்களிலும் இல்லை, பாஸ்போர்ட்டிலும் இல்லை. “சுப்பையா ஆசாரி மகள் மீனாட்சி” என்றேன். என் குரல் கராஜ் முழுக்கக் கேட்டது.

ஆரணி அதை அப்படியே அடித்தாள்.

“அனுப்பிட்டியோ?”

“அனுப்பியாச்சு மாமி. அவ பாத்திட்டா, புளூ டிக் வந்திட்டுது.”

“பாக்கட்டும்” என்றார் மாமி. கோட்டைக் கழற்றி ரானின் கையில் கொடுத்தார். “வாங்கோ டீச்சர், எனக்குச் சரியான பசி.” கரோலின் சமையலறை மேசையில் என் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வாழைப்பழக் கேக்கில் பெரிய துண்டாகப் பார்த்து எடுத்து, பாதியைப் பிட்டு என் தட்டில் வைத்துவிட்டு, மீதியைச் சாப்பிட ஆரம்பித்தார்.